பாதி அட்டைக் குளிசை

என் கணவர் மலேரியாவில் மௌத்தானார் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என்னைத் திருத்தப் பார்க்கிறார்கள். "மலேரியாவா? அது இப்ப நம்மட நாட்டிலயே இல்லயே!" இல்லாத நோயில் ஒரு மனிதன் எப்படிச் சாவான் என்று நான்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது போல எதிரே நிற்பார்கள். டெங்கு என்றிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் டெங்குவைத் தெரியாத வீடில்லை.

மையவாடியில் அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்த அன்றே நான் வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் வெளியே போகாமல், அன்னிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி, நாள் முழுக்கக் கத்திப் பழகியவள் நான். ஓர் அறைக்குள் சும்மா இருப்பதே பெரிய தண்டனையாக இருந்தது. அதற்குள் வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். செய்வினை என்றாள் ஒருத்தி. வெளிநாட்டில் அவர் போட்ட குளிசை, அந்த மாத்திரை, போலி என்றாள் இன்னொருத்தி. மற்றவர்கள் எல்லாரும் ஒரே சொல்லில் முடித்தார்கள்.

"அல்லாஹ்ட நாட்டம் புள்ள. ஏன், எதுக்கு எண்டெல்லாம் கேக்கக் கூடா."

அல்லாஹ்வின் நாட்டத்தில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லை எடுத்து என் வாயை அடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. இரண்டு பேருக்கு ஒரே காய்ச்சல் வந்தது. ஒரே அட்டையிலிருந்து இரண்டு பேரும் பாதிப் பாதியாகக் குளிசை போட்டார்கள். ஒருவர் மறுநாளே எழும்பி வேலைக்குப் போனார். மற்றவரை நான் மண்ணுக்குக் கொடுத்தேன். ஏன்?

எழும்பிப் போன அந்த மனிதர் மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் கணவரின் மருந்தில் பாதியைத் தின்று பிழைத்தவர் என்றே அவரை நினைத்திருந்தேன். அவருடைய குரல் செய்திகள் கணவரின் போனுக்கு வந்துகொண்டே இருந்தன. நான் ஒன்றையும் திறக்கவில்லை. உயிரோடிருப்பவனின் குரலைக் கேட்டு என்ன செய்ய என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

என் கணவரின் சின்ன வயது பெரும்பாலும் நாவிதன்வெளிப் பக்கத்து வயல் வட்டையில்தான் கழிந்தது. அவருடைய வாப்பா, என் மாமா, அங்கே வெள்ளாமை செய்தார். விதைப்பிலிருந்து அறுவடை வரைக்கும் ஆண்கள் வயலுக்குள் கட்டிய ஓலை வாடியில் தங்குவார்கள். அந்தக் காலத்து வாடிக்கு மலேரியா சொந்தக்காரர் மாதிரி. சொல்லாமல் வரும், நாலு நாள் தங்கும், போகும். நடுக்கம் எடுத்தவனைச் சாக்குகளால் மூடி, அதற்கும் மேலே ஒருவன் ஏறிப் படுத்து அமர்த்துவார்களாம். கல்யாணமான புதிதில் இதை அவர் எனக்கு நடித்துக் காட்டுவார். பல்லைக் கிட்டி, கட்டில் கிடுகிடுக்க, "இப்பிடித்தான் புள்ள, வாடியே ஆடும்" என்பார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

வாடியில் எதுவும் தனி இல்லை. சோற்றை ஒரு சஹனில் கொட்டி, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து அந்தப் பெரிய தட்டிலேயே தின்பார்கள். எங்கள் ஊரில் கல்யாணச் சோறும் கந்தூரிச் சோறும் இன்றைக்கும் அப்படித்தான். இறைச்சித் துண்டை அடுத்தவன் பக்கம் தள்ளிவிடாதவனுக்கு மரியாதை கிடைக்காது. குளிசையையும் அவர்கள் சோறு மாதிரியே நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவனுக்குக் கொடுத்ததை வாடியில் பங்கு வைப்பார்கள். நடுக்கம் நின்றதும் குளிசையை நிறுத்தி, மிச்சத்தைக் கூரை ஓலையில் செருகி, அடுத்துப் படுக்கிறவனுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வாடியில் ஒருவரும் சாகவில்லை. அதுதான் கடைசியில் எங்கள் தலையில் விடிந்தது.

வயலிலிருந்து டிராக்டருக்கும், டிராக்டரிலிருந்து மண் தோண்டும் பெக்கோவுக்கும், பெக்கோ ஓட்டத் தெரிந்ததால் கட்டாருக்கும் போனவர் அவர். எங்கள் பக்கத்தில் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிவிட்டுத்தான் மாப்பிள்ளை பேச முடியும். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கான வீட்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், கம்பனி அவரை றோட்டு வேலைக்கென்று ஆபிரிக்காவுக்கு மாற்றியது. சியரா லியோன். அந்தப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

"ஊரில ஒருத்தருக்கும் செல்லாத" என்றார் போனில். "கட்டார் எண்டே இரிக்கட்டும். ஆபிரிக்கா எண்டா மாப்பிள வீட்டார் என்னமோ ஏதோ எண்டு யோசிப்பாங்க."

அதனால் ஊருக்கு அவர் கடைசி வரைக்கும் கட்டார்க்காரர்தான்.

அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். அந்த நாட்டுக்காரர். பெக்கோ தோண்டுகிற இடத்துக்கு முன்னால் நின்று கொடி காட்டுவது அவர் வேலை. ஸலாம் சொல்லித் தொடங்கிய பழக்கம், கொஞ்ச நாளில் ஒரே அறையில் படுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவதை வீடியோவில் காட்டினார்.

"இஞ்ச பாரு புள்ள, நம்மட மரவள்ளி இலதான். இவங்களும் இதத்தான் கறியாக்குற. சஹனும் நம்மட சஹன் மாதிரியே இரிக்கி."

பக்கத்தில் நெடிய ஒரு மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நல்ல சிரிப்பு. பின்னாளில் நான் வெறுத்த சிரிப்பும் அதுதான்.

மழை தொடங்கியதும் இருவரும் மலேரியாவில் ஒன்றாகப் படுத்தார்கள். வேலை அப்போது காட்டுக்குள் போயிருந்தது. கம்பனியின் மருந்து அறை தூரத்தில். அறையில் இருந்தது ஒரே ஓர் அட்டை, ஒருவருக்குரிய அளவு. மூன்று நாளைக்குப் போட வேண்டியது.

"பாதி அவனுக்கு, பாதி எனக்கு" என்றார் போனில். குரல் களைத்திருந்தாலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

"பாதி போதுமா? காணுமா?"

"வாடியில காணுமா காணாதா எண்டு கேட்டமா? இது நமக்குப் பழைய கூட்டாளி புள்ள. என்ட ரத்தத்துக்கு இதத் தெரியும்."

அடுத்த நாளே அந்தக் கூட்டாளி கொடியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இவர் இன்னும் சில நாள் படுத்துக் கிடந்துவிட்டு எழும்பினார். எழும்பியதும் முதல் வேலையாக எனக்குப் போன் எடுத்து, "பாத்தியா? சும்மா பயந்த" என்றார். நானும் சிரித்தேன். காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம்.

அதற்குச் சில வாரங்களில் அவர் மகளின் நிக்காஹ்வுக்காக லீவில் வந்தார். ஆபிரிக்காவிலிருந்து வருகிறவர்களின் இரத்தத்தை விமான நிலையத்திலேயே பார்ப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் கட்டார் வழியாக வந்து, கட்டார்க்காரராகவே வெளியே நடந்து வந்துவிட்டார். வந்தவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. புது வீட்டுக்கு நிறம் பூசுகிறவர்களோடு மல்லுக்கட்டினார். பந்தல்காரரோடு சண்டை பிடித்தார். சஹன் எத்தனை வைப்பது என்று என்னோடு சண்டை பிடித்தார். ஒரு பின்னேரம் கதவு நிலையில் சாய்ந்து நின்று, "ஒரு மாதிரி மேல் நோகுது" என்றார்.

என் தம்பிதான் அவரை டொக்டரிடம் கூட்டிப்போனான். அவனுக்கும் கட்டார் கதைதான் தெரியும். எங்கே இருந்து வந்தீர்கள் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். "கட்டார்" என்று இவரே சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகக் கூடாது என்ற நினைப்பு அந்தக் காய்ச்சலிலும் அவரை விடவில்லை. ஊரெல்லாம் டெங்கு. இரத்தத் தட்டுக்களும் குறைந்திருந்தன. டெங்கு என்று பார்த்ததில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்த்தவர்கள்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டார்கள். டொக்டர் ஓடிவந்து, "இவர் ஆபிரிக்காப் பக்கம் போனவரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதன் பிறகு எல்லாம் விரைவாகத்தான் நடந்தது. ஊசி வந்தது, மட்டக்களப்புக்கு அம்புலன்ஸ் போனது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது, புத்தியும் தடுமாறத் தொடங்கிவிட்டது.

நினைவு தப்புவதற்கு முன் அவர் என்னிடம் பேசவில்லை, வாடியில் இருந்த யாரிடமோ பேசினார். "குளிருது... சாக்கப் போடுங்கடா... மேல ஏறிப் படுங்கடா..." கட்டில் கிடுகிடுத்தது. கல்யாணமான புதிதில் பார்த்த அதே நடிப்பு. நான் யாரையும் கேட்காமல் அவர் மேல் சாய்ந்து, இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துப் பிடித்தேன். நர்ஸ் மிஸி என்னை விலக்கும் வரைக்கும் அப்படியே கிடந்தேன். நடுக்கம் என் உடம்புக்குள்ளும் வந்தது. அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

மௌத்துச் செய்தி வந்ததும் பக்கத்தில் நின்ற என் கூடப் பிறந்த ராத்தா "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றாள். நாம் அல்லாஹ்வுக்குரியவர்கள், அவனிடமே மீள்கிறவர்கள். மௌத்தைக் கேட்டதும் எந்த முஸ்லிமின் வாயிலும் தானாக வருகிற சொல் அது. "செல்லு புள்ள" என்று என் தோளை உலுக்கினாள். என் நாக்கு எழும்பவில்லை. அதைச் சொன்னால் அவர் போனதற்கு நான் சம்மதம் கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் நான் அதைச் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

மகளின் நிக்காஹ் பந்தல் இல்லாமல், சஹன் இல்லாமல் நடந்தது. வாப்பா இருக்க வேண்டிய இடத்தில் வாப்பாவின் தம்பி உட்கார்ந்து அவளைக் கைப்பிடித்துக் கொடுத்தார். உள்ளறையில் வெள்ளையோடு இருந்து எல்லாச் சத்தத்தையும் கேட்டேன். நிறம் பூசி முடித்த வீட்டில் பெயின்ட் மணம் இன்னும் இருந்தது.

மலேரியாத் தடுப்பு ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தது அந்த நாட்களில்தான். கிணற்றைப் பார்த்தார்கள், தொட்டியைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்து எல்லாருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். இவரைக் கடித்த நுளம்பு இன்னொருவரைக் கடித்து, விரட்டிய நோய் திரும்பவும் ஊருக்குள் வந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். "நம்மட தெருவுக்கே பேர் கெட்டுப் பெய்த்து" என்று யாரோ வேலிக்கு அந்தப் பக்கம் முணுமுணுத்தார்கள். என் காதில் விழட்டும் என்றே சொன்னதாக்கும்.

நான் இத்தாவில் இருந்ததால் ஆண்கள் அறைக்குள் வரவில்லை. அவர்களோடு வந்த டொக்டர் பெண். காரைதீவுப் பிள்ளை, என் மகளை விட நாலைந்து வயது கூட இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, என் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்து, என் விரலைப் பிடித்தார். குத்தி முடிந்ததும் அவரை எழும்ப விடாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டே என் கேள்வியைக் கேட்டேன்.

"டொக்டர், ஒரே அட்டை. ஒரே காய்ச்சல். ஆளுக்குப் பாதி. அவன் எழும்பிப் போறான், இவர் மௌத்தாகிறார். அந்தப் பாதியில நல்ல குளிசை, இந்தப் பாதியில கெட்ட குளிசையா?"

அவர் எழும்பிப் போகவில்லை. அதற்காகவே அந்தப் பிள்ளைக்கு நான் இன்றும் துஆ செய்கிறேன்.

"அக்கா, குளிசை தனிய நிண்டு நோயக் கொல்லுறல்ல. உடம்பும் சேர்ந்துதான் கொல்லும். அந்த நாட்டுப் பெரிய ஆக்கள பிறந்ததில இருந்து நுளம்பு கடிச்சுக் கடிச்சு, அவங்கட உடம்பு அந்தக் கிருமியோட சண்ட பிடிக்கப் பழகியிரிக்கும். அதால அரைகுறையாக் குளிசை போட்டாலும் மிச்ச வேலைய உடம்பு செஞ்சி முடிச்சிரும். பாக்கிற ஆக்களுக்குக் குளிசைதான் செஞ்ச மாதிரித் தெரியும்."

"இவருக்கும் சின்னதில எத்தின தரம் வந்த! வாடியில வருசா வருசம் படுத்தவரு."

"அதத்தான் எல்லாரும் பிழையா நினைக்கிற. அந்த எதிர்ப்பு ஒரு தரம் வந்தா நிலைச்சு நிக்கிறதில்ல அக்கா. நுளம்புக் கடி நிண்டா அதுவும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும். நாங்க மலேரியாவ நாட்ட விட்டே விரட்டிட்டம். நல்ல விசயம்தான். ஆனா விரட்டினதோட எங்கட உடம்பும் அத மறந்திட்டு. போதாததுக்கு அங்க உள்ளது வேற சாதி. வாடியில வந்தது ஆள ஆட்டிப் போட்டுக் கூடுதலா விட்டிரும். இது கொல்லும். பாதிக் குளிசையில மிஞ்சின கிருமிதான் ஊருக்கு வந்த பிறகு திரும்பப் பெருகின."

கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு பக்கத்துக் கயிற்றில் ஆளில்லை என்றால், மறுபக்கத்தில் எத்தனை பேர் நின்று இழுத்தாலும் வலை கரைக்கு வராது. என் கணவரின் உடம்பில் அந்த மறுகயிற்றைப் பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை. இருக்கிறார்கள் என்று அவர் நம்பியிருந்தார்.

"முழு அட்டையும் போட்டிருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

டொக்டர் என் விரலில் பஞ்சை அழுத்தினார். "உடம்பு ஒரு உதவியும் செய்யாட்டியும் காணும் எண்டுதான் அக்கா முழு அளவு குடுக்கிற" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, பேச்சை மாற்றினார். "அந்த நாடுகளில சாகிறது கூடுதலாச் சின்னப் பிள்ளையள்தான். அதுகளுக்கு இன்னும் பழகல்ல. வாப்பாவுக்குச் சுகமாக்கின அதே பாதிக் குளிசை பிள்ளைக்குக் காணாது. உங்கட வீட்டுக்காரரும் அங்க அப்பிடி ஒரு கைப்பிள்ள மாதிரித்தான் இருந்திருக்கிறார்."

அந்தச் சொல்லில்தான் நான் உடைந்தேன். "என்ட ரத்தத்துக்கு இதத் தெரியும்" என்று மார் தட்டியவர். அந்த ஊர்க் காய்ச்சலுக்கு முன்னால், பால்குடி மறவாத பிள்ளையாகத்தான் கிடந்திருக்கிறார். அவரும் அறியவில்லை, கூடப் படுத்திருந்தவரும் அறியவில்லை. வெளிநாட்டுக்கு ஆளனுப்ப ஆயிரம் பேர் கையெழுத்து வைக்கிறார்கள், இந்த ஒரு சொல்லை அவர் காதில் போட ஒருவர் இல்லை. டொக்டர் போன பிறகும் நெடுநேரம் அழுதேன். அது வரைக்கும் எனக்கு ஆத்திரப்பட ஓர் ஆள் இருந்தார். இப்போது அவரும் இல்லை. வெறும் துக்கம் மட்டும் மிஞ்சியது.

அழுது ஓய்ந்து மகளைக் கூப்பிட்டேன். அவள் இங்கிலீஷ் படித்தவள். "வாப்பாட போன எடு. அந்த மனிசன் என்ன செல்றார் எண்டு கேட்டுச் செல்லு."

முதல் செய்தியில் ஸலாமும் அழுகையும்தான். வாப்பா மௌத்தானதை மகள் அவருக்கு அறிவித்திருந்தாள். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவதைக் கேட்டுவிட்டு மகள் கொஞ்சம் தடுமாறினாள்.

"உம்மா, அது அவர்ர அட்டையாம்."

"என்ன?"

"குளிசை அட்ட அவர்ரயாம் உம்மா. முழுசா வாப்பாட கையிலதான் வெச்சாராம். வாப்பாதான் பிச்சி பாதியத் திருப்பிக் குடுத்தாராம். எங்கட ஊரில ஒரே தட்டிலதான் திங்கிற எண்டு செல்லிக் குடுத்தாராம். இப்பிடி ஒரு மனிசன இனிக் காண மாட்டன் எண்டு அழுறார்."

நான் இத்தனை நாள் யாரைத் திட்டினேன் என்று நினைத்துப் பார்த்தேன். என் கணவரின் பங்கைத் தின்றவர் அவர் அல்ல. தன் பங்கைக் கொடுத்தவர். இவர்தான், பாழாய்ப்போன சஹன்காரர், இறைச்சித் துண்டைத் தள்ளுகிற மாதிரி உயிரை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். அந்த நேரம் அவர் எதிரே இருந்திருந்தால் நன்றாக ஏசியிருப்பேன். ஏசிவிட்டுச் சோறும் போட்டிருப்பேன்.

கடைசிச் செய்தி அன்று காலையில் வந்திருந்தது. பின்னால் ஒரு பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது. மகள் கேட்கக் கேட்கச் சொன்னாள். அவர் லீவில் வீட்டுக்குப் போயிருக்கிறார். சின்ன மகளுக்குக் காய்ச்சல். பிள்ளைகளுக்குரிய சின்ன அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் இறங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மிச்சப் பாதியைத் துணியில் சுற்றி, அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். பிரதரும் நானும் செய்த மாதிரி. துஆ செய்யுங்கள் சிஸ்டர்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். "இப்பவே போன் எடு. மிச்சத்தையும் குடுக்கச் செல்லு. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் செல்லு."

வாசலில் நின்ற ராத்தா, "இத்தாவில இரிந்துகொண்டு அன்னிய ஆம்புளையோட உனக்கென்ன கதை?" என்றாள்.

"அங்க ஒரு புள்ள கிடக்கு ராத்தா."

அவள் கிட்ட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மகள் போனை எடுத்துவிட்டு, எண்ணை அழுத்தாமல் என்னைப் பார்த்தாள். "உம்மா, சும்மா முழுசாக் குடுங்க எண்டா அவர் கேப்பாரா? அவருக்குப் பாதியில சுகமாக்கின. ஏன் எண்டு கேப்பார். வாப்பா அந்தப் பாதியாலதான் மௌத்தான எண்டு செல்லணும்."

அதைச் சொன்னால் அவர் தன் கையாலேயே என் கணவரைக் கொன்றதாக நினைப்பார். சொல்லாமல் விட்டால், தன் பிரதரை நல்லபடியாக வழியனுப்பி வைத்தோம் என்ற நிம்மதி அவருக்கு மிஞ்சும். ஆனால் அந்தத் துணிக்குள் ஒரு பிள்ளையின் உயிர் சுற்றிக் கிடந்தது. "செல்லு" என்றேன்.

அந்தச் சின்ன மகள் தப்பிவிட்டாள். கதையை இழுத்து உங்களைத் தவிக்க விட எனக்கு விருப்பமில்லை, அதனால் இப்போதே சொல்கிறேன். மிச்சக் குளிசை கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய், இப்போது ஓடித் திரிகிறாள். அவள் படம் என் போனில் இருக்கிறது. முன்பல் இரண்டும் இல்லை.

ஆனால் அன்று மகள் மெதுமெதுவாக, டொக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனபோது, மறுபக்கம் இருந்து முதலில் "யெஸ், யெஸ்" என்று வந்த குரல் பிறகு நின்றுவிட்டது. வாப்பாவின் கதையைச் சொன்னாள். பெரியவர்களின் உடம்பையும் பிள்ளைகளின் உடம்பையும் சொன்னாள். பாதிக் குளிசை வாப்பாமாருக்குக் காணும், பிள்ளைகளுக்குக் காணாது என்றாள். போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம். பிள்ளை இருமுவது மட்டும் கேட்டது.

பிறகு அவர் ஏதோ சொன்னார். கொஞ்சம்தான் சொன்னார். மகள் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

"என்னவாம்? என்னையத் திட்டுறாரா?"

"இல்ல உம்மா. இவளுக்கு மூத்தது ஒண்டு இரிந்ததாம். ஆம்புளப் புள்ள. காய்ச்சலில மௌத்தானாம். அவனுக்கும் பாதிதான் குடுத்தாராம். தனக்குச் சுகமாக்கினதால புள்ளைக்கும் காணும் எண்டு நினைச்சாராம்."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். ஏன் என்ற கேள்வியை அத்தனை நாள் நான் மட்டும்தான் சுமந்தேன் என்று நினைத்திருந்தேன். கேட்டவள் நான், கேட்காமலே பதில் கிடைத்தது அவருக்கு.

மகளின் மடியிலிருந்து போனை எடுத்தேன். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த சொல் ஒன்றுதான் இருந்தது. என் கணவர் மௌத்தான நாளிலிருந்து நான் சொல்லாமல் வைத்திருந்த சொல். "இன்னா லில்லாஹி" என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை.

மிச்சப் பாதியை அவர் சொல்லி முடித்தார்.